வெப்பமானியை எங்கே வைத்துப் பார்க்கிறார்கள்?

குளிர் தேசத்தில் உஷ்ணத்தை அளப்பதா என்று சிலர் எம்மிடம் கேட்கின்றனர். நுவரெலியா நகரத்தை மட்டும் மனதில் வைத்துக் கேட்கும் கேள்வி அது. பங்குனி வெயிலில் கவ்வாத்து மலையில் நிற்பவரும், ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளுபவரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். 1977 கலவரத்துக்குப் பின்னும் 1983க்குப் பின்னும் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்யும் எமது குடும்பங்கள் கேட்கவே மாட்டா.

உஷ்ணம் என்பது காற்றின் சூடு மட்டுமல்ல. வியர்வை காய்கிறதா, வெயில் நேரே விழுகிறதா, காற்று வீசுகிறதா என்பதும் சேர்ந்ததே அது. 1950களில் அமெரிக்கப் படைமுகாம்களில் பயிற்சி பெற்றவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது இதற்கென்றே ஓர் அளவை வகுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் நூற்றுக்கு 70 பங்கு, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானியில் 20, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானியில் 10 என்று கூட்டுவது அம்முறை. வெயிலுக்குப் பழகியவருக்கு, சர்வதேச நியமப்படி, நடுத்தர வேலைக்கு எல்லை 28 பாகை. கடும் வேலைக்கு 26. இடையே இருப்பது இரண்டே பாகை. கருவி இரண்டு பாகை குறைத்துக் காட்டினால், ஓய்வெடுக்க வேண்டியவர் மண்வெட்டியுடன் நிற்பார்.

குறைத்துக் காட்டவும் செய்யும். நியமக் கருவியின் உருண்டை 15 சென்ரிமீற்றர். சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியில் இருப்பதோ மேசைப்பந்து அளவு, அல்லது அதிலும் சிறிது. சிறிய உருண்டையைக் காற்று விரைவாக ஆற்றிவிடுவதால் வெயிலின் வேகம் முழுதாகத் தெரியாது. சிலவற்றில் உருண்டையே கிடையாது. வானிலை அவதான நிலையம் கோடையில் வெளியிடும் வெப்பச் சுட்டெண்ணும் காற்றின் சூட்டையும் ஈரப்பதனையும் கொண்டே கணிக்கப்படுகிறது. எச்சரிக்கையாக அது நல்லது. ஆனால் வெட்டவெளியில் முதுகில் விழும் வெயில் அந்தக் கணக்கில் இல்லை. கொழுந்துத் தராசைப் பார்த்து வளர்ந்த எம்மவருக்கு, முள் எதைக் காட்டுகிறது என்பதோடு யார், எப்படிப் பிடிக்கிறார் என்பதையும் பார்க்கத் தெரியும்.

வடமத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்குச் சந்தேகிக்கப்படும் காரணங்களுள் கடும் உஷ்ணமும் நீரிழப்பும் உள்ளன. ஆகவே அளக்க வருபவரிடம் நாம் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். வாகனத்துக் குளிரிலிருந்து எடுத்த கருவியை நிழல் மரத்தடியில் ஒரு நிமிடம் பிடித்துவிட்டுப் போகவேண்டாம். வேலை நடக்கும் இடத்திலேயே, இடுப்பளவு உயரத்தில், தாங்கியில் நிறுத்தட்டும். ஈரத்துணி காய்ந்திருந்தால் நனைக்கட்டும். அரைமணி நேரம் பொறுத்து, வேலை செய்பவர்கள் முன்னிலையில் எண்ணைக் கொப்பியில் எழுதட்டும்.