22ஏ பட்டியலை யாரும் சொல்லவில்லை



ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்தபின் ஆந்திரத்தின் தடாவைச் சுற்றி மனை வியாபாரம் சூடுபிடித்தது. கூடவே முதலீட்டுப் பயிற்சி வகுப்புகளும். என் தம்பி 15,000 ரூபாய் கட்டிச் சென்னையில் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டான். கடைசியில், வகுப்பு நடத்தியவர்களே தாங்கள் விற்கும் மனைக்கு முன்பணம் கேட்டார்கள்!

பதிவுக்குத் தடையுள்ள நிலங்களின் 22ஏ பட்டியலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரசு ஒப்படைத்த நிலம், புறம்போக்கு, கோயில் நிலம் எல்லாம் அதில் வரும். ஆந்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொண்டு காசில்லாமல் பார்க்கலாம். அடங்கல் மீபூமி தளத்தில் கிடைக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவா? ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016 ரெரா சட்டப்படி அந்த மனைகளை விற்கும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும்.

வகுப்புக்குக் கட்டிய பணத்தைச் சூலூர்பேட்டையில் நல்ல வக்கீல் ஒருவரிடம் கொடுத்துப் பத்திரங்களைக் காட்டியிருக்கலாம்.

– வாசகர், தடா