"நாய்தானே, விடு" என்று சொன்னவர்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், இது ஒப்பாரி இல்ல. அழுது முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. இது சண்டை.

யார்கூட சண்டை? எங்க பட்டாணி செத்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்ன அத்தனை பேர்கூடவும். எல்லாரும் நல்லவங்கதான், எனக்கு வேண்டியவங்கதான். ஆனா சொல்லி வச்ச மாதிரி மூணே மூணு வசனத்தைத்தான் மாத்தி மாத்திச் சொன்னாங்க. "நாய்தானே, விடு." "அதோட விதி அவ்வளவுதான்." "வேற குட்டி வாங்கிக்கலாம்." முதல் வசனத்துக்குக் கோவம் வந்துச்சு. ரெண்டாவது, உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு ரொம்ப இதமா இருந்துச்சு. மூணாவதை நான் கேட்டிருந்தா இந்நேரம் இன்னொரு குட்டியையும் புதைச்சிருப்பேன். அது எப்படீன்னு பின்னால சொல்றேன்.

எங்க ஊர் பூம்பாறை. கொடைக்கானலுக்கு வர்ற டூரிஸ்ட் பலரும் மேல ரோட்டுல வண்டிய நிறுத்தி படிக்கட்டு வயலைப் போட்டோ எடுத்துட்டு, குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுட்டுப் போவாங்களே, அதே ஊர்தான். நாங்க பூண்டு போடறவங்க. அப்பா வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏத்திட்டுப் போனவர், திரும்பி வரும்போது சாக்குக்குள்ள ஒரு குட்டியோட வந்தார். லாரி நிறுத்தற இடத்துல தாய் இல்லாம கத்திட்டு இருந்துச்சாம். ஒன்றரை மாசக் குட்டி இருக்கும். உருண்டையா, பச்சைப் பட்டாணி மாதிரி ஒரு இடத்துல நிக்காம ஓடினதால அந்தப் பேரு.

பன்னெண்டாவது நாள் சாப்பிடல. சாயங்காலம் வெள்ளையா நுரை நுரையா வாந்தி. "குளிர் தாங்கல"ன்னார் அப்பா. "கண்ணு பட்டிருக்கு"ன்னாங்க பக்கத்து வீட்டு அத்தை. அப்பத்தா வழக்கம்போல நாலு பல் பூண்டை நசுக்கிப் பால்ல காய்ச்சிக் கொண்டு வந்துட்டாங்க.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். எங்க ஊர்ல சளிக்குப் பூண்டு, வாயுவுக்குப் பூண்டு, பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டாச்சே, பெருமை இருக்காதா? ஆனா நாய்க்கும் பூனைக்கும் பூண்டு, வெங்காயம் ரெண்டும் விஷம். அளவு கூடினா ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சு ரத்தசோகைல கொண்டு போய் விட்டுடும். பிறந்ததுல இருந்து பூண்டுக் காட்டுல வளர்ந்த எனக்கு இது தெரியாது. பட்டாணி ரெண்டு மடக்கு நக்கிட்டு அதையும் வாந்தி எடுத்துருச்சு. நல்ல வேளை. (அப்பத்தாவைத் திட்டாதீங்க. ராத்திரி முழுக்க அதை மடியில வச்சிட்டு உக்காந்திருந்தது அவங்கதான்.)

மறுநாள் காலையில ரத்தமாப் போச்சு. அந்த நாத்தத்தை ஒரு தடவை மோந்தவங்க மறக்க மாட்டாங்க. ஜீப் பிடிச்சு கொடைக்கானலுக்குப் போனோம். டாக்டர் குச்சியில மலத்தைத் தொட்டு ஒரு கிட்ல விட்டார். கொரோனாவுக்குப் பாத்தோமே, அதே மாதிரி ரெண்டு கோடு. பார்வோ வைரஸ்.

இது பழங்காலத்து நோய் இல்ல. 1978-ல தான் இது நாய்கள்கிட்ட ஒரு புது நோயா அடையாளம் கண்டாங்க. பூனைகளுக்கு வர்ற ஒரு வைரஸுக்கு நெருங்கின சொந்தம். எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால ரெண்டே வருஷத்துல உலகம் பூரா பரவிருச்சு. உடம்புல எங்கெல்லாம் செல்கள் வேகமாப் பெருகுதோ அங்கதான் போய் உக்காரும். குட்டிக்கு அது ரெண்டு இடம்: குடலோட உள்சுவர், எலும்பு மஜ்ஜை. குடல் சுவர் உரிஞ்சு ரத்தமாப் போகும். மஜ்ஜை அடி வாங்குனதால வெள்ளையணு குறைஞ்சிடும். ஓட்டை விழுந்த குடல் வழியா கிருமி ரத்தத்துக்குள்ள போகும்போது தடுக்க ஆள் இருக்காது. வைரஸைக் கொல்ற மருந்துன்னு டாக்டர் கையில எதுவும் இல்ல. டிரிப்ஸ் ஏத்தி நீர்ச்சத்தைப் பிடிச்சு வைக்கணும், வாந்தியை நிறுத்தணும், மத்த கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக் போடணும், சூடா வச்சிருக்கணும், உடம்பு தானாத் தேறி வர நாலஞ்சு நாள் அவகாசம் வாங்கித் தரணும். சும்மா விட்டா பெரும்பாலும் சாவுதான். ஆஸ்பத்திரியிலயே வச்சு ராப்பகலாப் பாத்தா பத்துல எட்டு, ஒம்போது கூடப் பிழைக்குது.

எங்களுக்கு அப்படி வச்சுப் பாக்க வழி கிடைக்கல. தினமும் பனிமூட்டத்துல கொடைக்கானல் போய் டிரிப்ஸ் ஏத்திட்டு வந்தோம். முன்னங்கால்ல ஊசியை ஒட்டி வச்சிருந்தாங்க, அதைக் கடிக்காம பாத்துக்கறது என் வேலை. வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி வயித்துக்கிட்ட வைப்பேன், ஆறினதும் மாத்துவேன். மூணாவது நாள் ராத்திரி நான் பேரைச் சொன்னதும் வாலை ஒரு தடவை ஆட்டுச்சு. தேறிருச்சுன்னு அப்பாவை எழுப்பிச் சொன்னேன். விடிகாலை நாலு மணிக்கு முடிஞ்சு போச்சு. ப்ளம்ஸ் மரத்துக்கடியில ஆழமாக் குழி தோண்டினார் அப்பா.

இப்போ "விதி"க்கு வருவோம்.

நான் பி.காம். மூணாவது வருஷம். கணக்கு எழுதித்தானே பாக்கணும்? ஜீப் வாடகை, டிரிப்ஸ், ஊசி எல்லாம் சேத்து ஆறாயிரத்துச் சொச்சம். தடுப்பூசி? சில நூறு ரூபாய். குட்டி வந்த மறுநாளே அம்மா கேட்டாங்க, "ஊசி ஏதும் போடணுமாடா?" நான் சொன்னது: "செமஸ்டர் முடியட்டும்மா." எந்தப் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன் தெரியுமா? காஸ்ட் அக்கவுண்டிங். இதுல விதி எங்க வருது?

உடனே விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கேப்பார்: "மறுநாளே போட்டிருந்தாலும் செத்திருக்கலாமே?" செத்திருக்கலாம். நோய் தொத்தி மூணுல இருந்து ஏழு நாள்ல, சில சமயம் ரெண்டு வாரத்துல கூட வெளிய தெரியும். அதனால சந்தையிலயே தொத்தியிருக்கலாம், எங்க வாசல்லயும் தொத்தியிருக்கலாம். தாயோட சீம்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்புல மிச்சம் இருந்தா, அதுவே ஊசியை வேலை செய்ய விடாமத் தடுக்கும். அதனாலதான் ஒரு ஊசி பத்தாது. ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு, ரெண்டு நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு பதினாறு வாரம் வரைக்கும் போடணும். இதெல்லாம் சரிதான். ஆனா "போட்டும் செத்துருச்சு"ங்கறதும் "போடவே இல்ல"ங்கறதும் ஒண்ணா? முதலாவது துரதிர்ஷ்டம். ரெண்டாவது என் கணக்கு. அதை விதியோட கணக்குல ஏத்தி என்னைத் தப்பிக்க விட்டீங்க பாருங்க, அந்த இடத்துலதான் எனக்கு உங்க மேல கோவம். நான் ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன், அந்த வசனத்தைத் தலைக்கு வச்சிட்டு.

"வேற குட்டி வாங்கிக்கலாம்"னு சொன்னவங்க இன்னும் அன்பானவங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், நிழலும் ஈரமும் இருந்தா ஒரு வருஷம் கூட. எங்க ஊர்ல நிழலுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? பினாயிலும் சோப்பும் இதை ஒண்ணும் பண்ணாது. தரைக்குப் பிளீச்சிங் கரைசல்தான் கேக்கும், அதையும் முதல்ல அழுக்கைக் கழுவிட்டு ஊத்தி பத்து நிமிஷம் விடணும். மண்ணை எப்படிக் கழுவறது? பட்டாணி வாந்தி எடுத்த அதே வாசல்ல ஊசி போடாத புதுக்குட்டியைக் கொண்டு வந்து விடறதுக்குப் பேரு ஆறுதல் இல்ல. ஊர்ல சில வீடுகள்ல "எங்களுக்கு நாய் ராசி இல்ல, எது கொண்டு வந்தாலும் நிக்கல"ம்பாங்க. ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல, வாசல்ல வைரஸ் இருந்திருக்கும்.

கடைசியா "நாய்தானே". மாட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கு, இந்த் ஏஎஸ் 41 படி உயிருள்ள சொத்துன்னு பேலன்ஸ் ஷீட்டுல கூடக் காட்டலாம். சந்தையில சும்மா கிடைச்ச குட்டிக்கு மதிப்பு பூஜ்யம், ஒத்துக்கறேன். ஆனா "நம்ம ஆளுங்க நாய்க்கெல்லாம் இப்படி உருகினதில்ல, இது வெள்ளக்காரன் பழக்கம்"னு என் மாமா சொன்னார் பாருங்க, அதை மட்டும் விட முடியாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. செத்த வீரன் பேரு கருந்தேவக்கத்தி. அவன் பின்னால ஒரு நாயைச் செதுக்கி, கள்ளரைக் கடிச்சுட்டு அங்கேயே காத்து நின்னதுன்னும் எழுதி, அது பேரு கோவிவன்னும் வெட்டி வச்சிருக்காங்க. அந்தக் காலத்துல ஒரு பேரைக் கல்லுல வெட்டறது எவ்வளவு வேலை! வெள்ளக்காரன் வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மாமா.

சரி, பாசமெல்லாம் வேண்டாம், நாயே பிடிக்காதுங்கறவங்களுக்கும் ஒண்ணு. நம்ம மலைக்காட்டுல செந்நாய் இருக்கு. அதுவும் நாய்க் குடும்பம்தான், பார்வோ அதையும் விடாது. அமெரிக்காவுல ஐல் ராயல்னு ஒரு தீவு. மனுஷங்க கூட்டிட்டு வந்த நாய்கிட்ட இருந்து தொத்துனதா நம்பப்படற பார்வோவால அங்க 1980-ல 50 இருந்த ஓநாய் 1982-ல 14 ஆயிருச்சு. நம்ம ஊர்க் குட்டி செத்துச்சுன்னா தூக்கி ஓடையில வீசறோமே, அந்த ஓடை எங்க போகுது?

போன வாரம் பெரியப்பா சொன்னா கேக்காம ஒரு குட்டியைக் கொண்டு வந்துட்டார். வெள்ளைக் கால், கருப்பு மூக்கு. கேட்டுக்கு வெளியவே நிறுத்தி, திரும்பக் கீழத்தெரு அவர் வீட்டுக்கே அனுப்பினேன். அங்க நாய் வளத்ததே இல்ல, தரையும் சிமெண்ட். எங்க வீட்டுச் செருப்போட அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு உத்தரவு. சனிக்கிழமை முதல் ஊசி போட்டாச்சு. மீதித் தேதிகளைக் காலண்டர்ல சிவப்பு மசியில வட்டம் போட்டு வச்சிருக்கேன். ரெண்டாவது ஊசி அடுத்த செமஸ்டர் பரீட்சை அன்னிக்கு விழுது, அப்பா கூட்டிட்டுப் போறேன்னிருக்கார்.

"பேரு என்னடா வைக்க?"ன்னு கேட்டார் பெரியப்பா.

கடைசி ஊசி போட்டதும் சொல்றேன் பெரியப்பான்னேன்.