சுங்குவார்சத்திரத்தில் பிறந்த போனுக்குத் தமிழ் வர ஆறு ஆண்டு

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019-ல் ஐபோன் எக்ஸ்ஆர் தயாராகத் தொடங்கியது. பிறகு ஐபோன் 11, 14, 15, 16 என்று வரிசையாக வந்தன. சென்னை–பெங்களூரு சாலையோரச் சிற்றூரின் பெயர் உலக வணிகச் செய்திகளில் அடிபட்டது. ஆனால் அங்கே பூட்டி, சோதித்து, பெட்டியில் அடைத்து அனுப்பிய போனைத் திறந்தால் மெனுவில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. 2025 மார்ச் 31 அன்று வெளியான ஐஓஎஸ் 18.4 பதிப்பில்தான் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் உள்ளிட்ட பத்து மொழிகள் ஒரே வீச்சில் உள்ளே வந்தன. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்களுக்கு இது 2014-லேயே, லாலிபாப் என்று பெயர் சூட்டிய 5.0 பதிப்பிலேயே கிடைத்துவிட்டது.

தமிழைத் திரையில் காட்டத் தெரியாமல் ஆப்பிள் தாமதிக்கவில்லை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. 2013-ல் வந்த ஐஓஎஸ் 7-லேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் சேர்ந்துவிட்டன. எழுத்து இருந்தது, தட்டச்சு இருந்தது. ‘செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் ‘அமைப்புகள்’ என்று எழுதி வைக்கத்தான் யாருக்கும் அவசரம் இல்லை. இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குச் சுமார் 95 ஆண்ட்ராய்டு. ஐபோன் வாங்குகிறவர் ஆங்கிலம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று கலிபோர்னியாவில் யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் சுங்குவார்சத்திரத்துப் பெண் தொழிலாளிக்கு, போனைச் செய்கிறவர் என்ற இடம் மட்டும்தான்.

ஆப்பிளைத் திட்டிவிட்டு இதோடு முடித்துக்கொள்ள முடியாது. 2018-ல் சந்தைக்கு வந்த அதே எக்ஸ்ஆர் மாடல், ஐஓஎஸ் 12-ல் தொடங்கி 18 வரை ஏழு பெரிய பதிப்புகளைப் பெற்றது. 2019-ல் இந்த மாவட்டத்தில் தயாரான ஒரு எக்ஸ்ஆர், வாங்கியவர் கையில் இருக்கும்போதே 2025-ல் தமிழ் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ல் அதற்கு இடமில்லை என்றாகிவிட்டது. (18-க்கு அடுத்து 26 எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம், ஆண்டை ஒட்டி எண் வைக்கப் போவதாக ஆப்பிளே தாவிவிட்டது.) தமிழ் வந்து அரை ஆண்டுக்குள் ஓய்வு. வேடிக்கைதான். ஆனாலும் 2019-ல் வாங்கிய எந்த ஏழாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனுக்கு 2025-ல் புதிய பதிப்பு வந்தது?

ஆண்ட்ராய்டின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. கூகுள் ஒரு பதிப்பை வெளியிடுகிறது. அதைச் சிப் தயாரிப்பவர் தொட வேண்டும், பிறகு போன் நிறுவனம் தன் பூச்சுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். விலை குறைந்த மாடலுக்கு அந்த வேலையைச் செய்வதில் யாருக்கும் லாபம் இல்லை. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்தன. நல்ல செய்திதான். ஆனால் அந்த போன்கள் ஐபோன் விலையில் விற்பவை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்கிறவர் வாங்கும் போனின் பெட்டியில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் என்று இருக்காது.

அப்டேட் நின்றாலும் ஆண்ட்ராய்டு போன் உடனே படுத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களைக் கைவிட்டபோது, 2014-ல் வந்த ஐபோன் 6-ல் வாட்ஸ்அப் நின்றுபோனது. அதே காலத்து ஆண்ட்ராய்டு 5.0 போன்களில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சேலைப் படம் அனுப்பி ஆர்டர் பிடிக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஓட்டைகள் அடைபடாத போன் ஓடிக்கொண்டே இருப்பது வசதியா, ஆபத்தா என்றால் இரண்டும்தான்.

ஆபத்து எப்படி வருகிறது என்பது இப்போது ஊரறிந்த கதை. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, பிஎம் கிசான் பட்டியல் என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில், செயலியை நிறுவும் ஒரு ஏபிகே கோப்பு வரும். தொட்டு, அனுமதிகளுக்கெல்லாம் ‘ஓகே’ கொடுத்தால் அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்கும். ஓடிபி வேறு எங்கோ போய்ச் சேரும். பல மாநிலக் காவல் துறைகள் இதைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. ஐபோனில் இந்த வழி அடைத்திருக்கிறது: ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி ஏற்ற இந்தியாவில் சாதாரணப் பயனருக்கு வழி இல்லை. அதற்காக ஐபோனைக் கோட்டை என்று நம்பவும் வேண்டாம். 2021-ல் அம்பலமான பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் ஐபோன்களும் ஊடுருவப்பட்டிருந்தன. ஆனால் பெகாசஸ் குறிவைப்பது பத்திரிகையாளரை, அரசியல்வாதியை. யுபிஐ-யில் கூலி வாங்கும் நெசவாளியைக் குறிவைப்பது போலிக் கல்யாணப் பத்திரிகை.

காஞ்சிக்கே உரிய இன்னொரு சோதனை நிறம். காந்தி சாலைக் கடைக்காரரும் வீட்டிலிருந்தே விற்கும் நெசவாளியும் சேலையைப் படமெடுத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். அனுப்பும்போது அரக்கு, போய்ச் சேரும்போது தக்காளிச் சிவப்பு. தகராறு அங்கே தொடங்கும். ஐபோன் 2016-ல் வந்த ஏழாவது மாடலிலிருந்தே விரிந்த நிறப் பரப்பைக் காட்டும் திரையோடு வருகிறது. இயங்குதளமும் திரையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஒரு ஐபோனில் தெரியும் நிறம் அடுத்த ஐபோனிலும் ஏறக்குறைய அப்படியே தெரியும். ஆண்ட்ராய்டுக்கு நிற மேலாண்மை 2017-ல், ஓரியோ பதிப்பில் வந்தது. வந்து என்ன? கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்கள் திரையை ‘விவிட்’ நிலையில் வைத்தே விற்கின்றன. வெந்தயக் கலர் மஞ்சளாகவும், ராமர் பச்சை கிளிப் பச்சையாகவும் நிற்கும். ஐபோனும் முழு யோக்கியன் இல்லை. அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் சாயலை மாற்றும் ‘ட்ரூ டோன்’ இயங்கிக்கொண்டிருந்தால் அங்கேயும் நிறம் பழுக்கும்.

இதில் மயில்கழுத்துக் கலர் தனிக் கேஸ். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பட்டைச் சாய்த்துப் பிடித்தால் நீலம், நிமிர்த்தினால் பச்சை. எந்தக் கேமராவும் ஒரே படத்தில் அதைப் பிடிக்காது. அதனால்தான் விலை உயர்ந்த சேலை என்றால் வாங்குகிறவர் வீடியோ காலில் வரச் சொல்லி, முந்தானையை ஆட்டிக் காட்டச் சொல்கிறார். அந்த வேலையைப் பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனும் ஒழுங்காகச் செய்கிறது. அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் கூடுதலாகக் கிடைப்பது அதிகம் இல்லை.

வாங்கிய பிறகு கட்சி மாறுவதும் எளிதல்ல. 2021 வரை ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும், 2022 வரை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும் வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்ற முறையான வழியே இல்லை. யாருக்கு என்ன கலர், எவ்வளவு முன்பணம், எந்த முகூர்த்தத்துக்குள் வேண்டும் என்பதெல்லாம் அந்த உரையாடலில்தானே இருக்கிறது. ஒருவர் கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டுத்தான் போனை மாற்ற வேண்டும் என்ற நிலை அவ்வளவு காலம் நீடித்தது.

காஞ்சியில் பல வீடுகளில் தறி நெசவாளியுடையது. பாவும் ஜரிகையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுப்பது. என்ன டிசைன், எப்போது இறக்க வேண்டும் என்பதைப் பாவு கொடுத்தவர் சொல்வார். போனிலும் இதே ஏற்பாடுதான். கருவி வாங்கியவருடையது, அதில் என்ன ஓடலாம் என்பது இயங்குதளக்காரர் முடிவு. ஆப்பிள் இதை மறைப்பதே இல்லை. ஆண்ட்ராய்டு திறந்த மூலம் என்ற பெயரோடு வந்தாலும், அதன் சாவி பிளே ஸ்டோரில் இருக்கிறது. 2024 மார்ச் 1 அன்று சேவைக் கட்டணத் தகராறில் கூகுள் பல இந்திய நிறுவனங்களின் செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. சென்னையில் இருந்து இயங்கும் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்டு, சில நாட்களில் அவை திரும்பின. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டின் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அந்தத் தொகையை உறுதி செய்தது. ஆணையத்தின் உத்தரவால் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போன்ற சில விஷயங்கள் இந்தியப் பயனருக்குக் கிடைத்தன. ஆப்பிள் தன் போனில் வேறு கடைகளை அனுமதித்தது ஐரோப்பிய ஒன்றியத்தில், 2024-ல், அங்கே சட்டம் வந்த பிறகு. கேட்டால்தான் கொடுக்கிறார்கள்; அதுவும் சட்டத்தின் குரலில் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு இயங்குதளம் வந்தால் நிலைமை மாறாதா? இந்த மாவட்டத்துக்கு அந்தக் கேள்வி புதிது இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உச்ச காலத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. சிம்பியன் இயங்குதளத்தை நம்பியிருந்த நோக்கியா, ஐபோனும் ஆண்ட்ராய்டும் பாய்ந்து வந்தபோது திணறியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனைக் கைப்பிடித்தது. செயலி எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. செயலி இல்லாததால் வாங்குகிறவர்களும் வரவில்லை. 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரித் தகராறில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அங்கே பெரும்பாலும் எளிய போன்கள்தான் தயாராகின என்பதால், மூடியதற்கு இயங்குதளப் போரை மட்டும் காரணம் சொல்வது நியாயம் ஆகாது. வரிப் பிரச்சினைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஸ்மார்ட்போனில் தோற்காத நோக்கியா தன் போன் தொழிலை விற்க வந்திருக்குமா என்ன? பின்னாளில் அந்த வளாகம் ஆப்பிளுக்கும் சார்ஜர் வழங்கும் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போனது.

அதனால்தான் 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி-யில் வளர்ந்த நிறுவனம் ஒன்றின் ‘பார்ஓஎஸ்’ அறிமுகமாகி, மத்திய அமைச்சர்கள் அதைச் சோதித்துப் பார்த்தபோது எழுந்த கைதட்டலை அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கட்டியதே. ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்கு அது உதவலாம். வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப்பும் தடையின்றி ஓடும் வரை தறிக்காரரின் பைக்குள் அது போகாது. விண்டோஸ் போனையே சாய்த்தது செயலி இல்லாத அந்தப் பள்ளம்தான்.

ஆக இன்றைக்குக் கையில் இருப்பது இரண்டே இரண்டு. பணம் இருந்து, ஐந்தாறு ஆண்டு ஒரே போனை வைத்திருப்பவருக்கு ஐபோன் நஷ்டம் இல்லை. மற்ற எல்லோருக்கும் ஆண்ட்ராய்டுதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தமிழில் மெனுவை முதலில் தந்ததும், குரலால் தமிழ் எழுதுவதை 2017-லேயே கொண்டுவந்ததும் கூகுள்தான். ஆனால் கேமராவைப் பார்ப்பதற்கு முன் ‘இதற்கு எத்தனை வருஷம் அப்டேட்?’ என்று கடையில் கேட்கும் பழக்கம் வர வேண்டும். கடைக்காரருக்கு முதலில் பதில் தெரியாது. நாலு பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதள அப்டேட் தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழு 2025-ல் அளித்த பழுதுநீக்கக் குறியீட்டுப் பரிந்துரையில், மென்பொருள் அப்டேட்டும் ஒரு அளவுகோல். பரிந்துரை விதியாக வேண்டும். கடைசியில் அது பெட்டியின் மேல் அச்சாக வேண்டும். தமிழ்நாட்டு அரசு அதற்காக டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்து வைத்த அரசு இது. நிலம், சலுகை, விடுதி என்று பேசுவதற்கு நிறுவனங்களோடு உட்காரும் அடுத்த கூட்டத்தில், இங்கே தயாராகும் போனின் ஒவ்வொரு புதிய வசதியும் முதல் நாளிலேயே தமிழில் வர வேண்டும் என்பதையும், இங்கே விற்கும் போனின் அப்டேட் காலம் பெட்டியில் தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் பேச்சுப் பட்டியலில் சேர்க்கலாம்.