கட்ட அனுமதி வேறு, குடியிருக்க அனுமதி வேறு

நகர அபிவிருத்தி அதிகார சபைத் தலைவர் அவர்களுக்கும் கொழும்பு மாநகர முதல்வர் அவர்களுக்கும்,



கனடாவின் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் கடைசிக் காலம் கோயிலும் கடற்காற்றும் கிட்ட இருக்கக் கழியட்டும் என்று வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் ஒரு பிளட் வாங்கினேன். காசு அனுப்புமுன் சான்றிதழ் கேட்டேன். கட்டியவர் வட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பினார். இலச்சினை, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. நம்பினேன்.

அது கட்டடம் கட்டத் தந்த அபிவிருத்தி அனுமதி. வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறது, ஆட்கள் குடியேறலாம் என்று வேலை முடிந்தபின் தருவது இணக்கச் சான்றிதழ், எல்லோரும் சி.ஓ.சி. என்பது. அது இன்றுவரை இல்லை. வாகனத் தரிப்பிடம் இருக்க வேண்டிய கீழ்த்தளத்தில் இரண்டு கடைகள். உச்சியில் அனுமதியில்லாத ஒரு மாடி. சி.ஓ.சி. இல்லாமல் கொண்டோமினியம் திட்டப்படம் பதிவாகாது. அது பதியாமல் பிளட்டுக்கு உறுதி எழுத முடியாது. என் கையில் இருப்பது வெறும் விற்பனை உடன்படிக்கை. "உறுதி முடிஞ்சுதே தம்பி?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறா.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்கும் இந்தச் சான்றிதழ் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2017 மே மாதம் அதே வெள்ளவத்தையில், சவோய் திரையரங்கின் பக்கம், ஒரு பலமாடிக் கட்டடம் சரிந்து விழுந்ததை நாங்கள் இங்கே தொலைபேசியில் பார்த்துப் பதறினோம்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாத, வேற்று நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பிளட் வாங்கலாம். ஆனால் உறுதி எழுதுமுன்பே முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வந்துவிட வேண்டும். பணத்தை முழுதாக முதலில் கேட்கிற அரசு, தாளையும் முதலில் காட்டத்தானே வேண்டும்?

முகவரியைப் போட்டால் அந்தக் கட்டடத்துக்கு சி.ஓ.சி. உண்டா, எத்தனை மாடிக்கு, எந்தத் திகதியில் என்பதை உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பார்க்க வழி செய்யுங்கள். கட்டட வாசலிலும் அதை ஒட்ட வையுங்கள். சான்றிதழ் இல்லாத பிளட்டை "குடியேறத் தயார்" என்று விளம்பரம் செய்வதைத் தடுங்கள்.

லண்டனில் இருக்கும் என் மச்சான் தெகிவளையில் ஒரு பிளட் பேசியிருக்கிறான். அவனுக்கும் வட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்திருக்கிறது. எது என்று என்னைக் கேட்கிறான். இந்த மாதக் கடைசியில் பணம் அனுப்பப் போகிறான்.