அரசு போட்ட முதல்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ஜாவாவும் போயிற்று. அமெரிக்கா வாங்கிவந்த ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் அந்தப் பக்கத்துச் சரக்கு. மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் பால்வெட்டிய ரப்பரும் அதில் அடக்கம். ஒரு ஷெர்மன் டாங்கிக்கு அரை டன் ரப்பர் தேவை. பழைய டயர், தோட்டத்துக் குழாய், மழைக்கோட்டு எனப் பெட்ரோல் பங்க்குகளில் மக்களிடம் திரட்டிப் பார்த்தார் அதிபர் ரூஸ்வெல்ட். ஆண்டு இறுதியில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. முக்கியக் காரணம் பெட்ரோல் அல்ல, டயர் தேயக் கூடாது என்பதுதான்!

அமெரிக்கா வல்லரசான கதையைத் தனியார் துறையின் சாகசமாகச் சொல்வது வழக்கம். ஃபோர்டின் வில்லோ ரன் ஆலை மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் தந்தது உண்மைதான். அந்த ஆலைக்குப் பணம் போட்டது வாஷிங்டன். ரப்பரில் அரசு இன்னும் ஒருபடி மேலே போனது. செயற்கை ரப்பருக்காகச் சுமார் 50 ஆலைகளைத் தானே கட்டி, டயர், எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளிடம் நடத்தக் கொடுத்தது. போட்டியாளர்களைக் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொள்ள வைத்தது. 1941-இல் சில ஆயிரம் டன்னாக இருந்த செயற்கை ரப்பர், 1944-இல் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. 1955-இல் ஆலைகளில் பெரும்பாலானவை தனியாருக்கு விற்கப்பட்டன. நட்டம் வந்திருந்தால் மக்கள் தலையில், லாபம் முதலாளிக்கு. எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனாலும் டாங்கிக்காக வளர்ந்த தொழில் காருக்கும் லாரிக்கும் டயர் போட்டது.

சோவியத் ஒன்றியமும் சளைக்கவில்லை. 1941-இல் சுமார் 1,500 ஆலைகளைப் பெயர்த்து ரயிலேற்றிக் கிழக்கே கொண்டுபோனது. ஆனால் அதன் மேற்குப் பகுதி சாம்பலாகிவிட்டது. மிஞ்சிய திறனில் பெரும்பங்கை ராணுவமே எடுத்துக்கொண்டது.

அமெரிக்க ஆலைகள் எரியாமல் தப்பியது இரு பெருங்கடல்களின் தயவு. மற்றதைக் கடன் செய்தது. 1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸில் உலக நாணய ஏற்பாட்டைப் பேச 44 நாடுகள் கூடியபோது, டாலரை நடுநாயகமாக்கும் திட்டத்துக்கு எதிராக பிரிட்டனின் பிரதிநிதி கெய்ன்ஸிடம் வாதம் இருந்தது, ஆனால் அவர் நாட்டுக் கஜானா காலி. 1945 டிசம்பரில் அமெரிக்காவிடம் அவரே பேசிமுடித்துவந்த 375 கோடி டாலர் கடனுக்கு வட்டி 2 சதவீதம்தான். நிபந்தனைதான் கடுமை: ஸ்டெர்லிங்கைத் தடையின்றி டாலராக மாற்ற விட வேண்டும். 1947 ஜூலையில் விட்ட பிரிட்டன், டாலர் கையிருப்பு கரைவதைக் கண்டு ஐந்தே வாரத்தில் நிறுத்தியது. கடனின் கடைசித் தவணையை அது கட்டி முடித்தது 2006-இல்.