நொடிக்கு எத்தனை கிலோமீட்டர்?

‘சனியின் நிலவில் உயிருக்கான தடயம்’ என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: பனித்துகள் கருவியில் மோதிய வேகம். பெரும்பாலும் அது செய்தியில் இருப்பதில்லை. அது இல்லாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

சுமார் 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள என்சலடஸ்தான் அந்த நிலவு. அது பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடலை வைத்திருக்கிறது. தென்துருவப் பிளவுகள் வழியே அந்த நீர் பீறிட்டு, நுண்பனியாக உறைந்து விண்வெளியில் பரவுகிறது. இறங்கவும் வேண்டாம், துளையிடவும் வேண்டாம். ஊடே பறந்தாலே போதும், கடலின் மாதிரி கிடைத்துவிடும். 2005இல் காசினி விண்கலம் இதைக் கண்டபோது, அதிலிருந்த தூசி ஆய்வுக் கருவி இந்த வேலைக்கென்று செய்யப்பட்டதே அல்ல.

பறந்துகொண்டே பிடிப்பதில்தான் சிக்கல். கருவியின் ரோடியம் தகட்டில் மோதிய கணமே துகள் ஆவியாகிறது. அதில் ஒரு பகுதி அயனிகளாகிறது. மின்புலம் இழுக்க, எடை குறைந்தவை முந்தியும் கூடியவை பிந்தியும் உணரியை எட்டுகின்றன. வந்துசேரும் நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். மோதல் மெதுவாக இருந்தால் நீர் மூலக்கூறுகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து வரும். நிறமாலையில் 19, 37, 55, 73 என்று பதினெட்டு பதினெட்டாக ஏறும் முகடுகள் அவைதாம். கரிம மூலக்கூறின் சிறிய முகடு அவற்றுக்கிடையே காணாமல் போய்விடும். வேகம் கூடினால் கொத்துகள் சேர நேரமில்லை. ஆனால் பெரிய மூலக்கூறுகள் நொறுங்கிவிடும். சில்லுகளை வைத்துப் பானை இன்னதென்று சொல்லும் வேலை அது.

2008 அக்டோபரில் காசினி அந்தத் தூவலின் ஊடே நொடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அன்று பதிவான நிறமாலைகளை ஆய்வாளர்கள் நோஸைர் கவாஜாவும் பிராங்க் போஸ்ட்பெர்க்கும் சகாக்களும் மறுபடி அலசி, 2025இல் முடிவை வெளியிட்டார்கள். விண்கலம் 2017இலேயே சனிக்குள் விழுந்து எரிந்துவிட்டது. தரவு இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். என்சலடஸிலிருந்து பரவிய பனியாலான சனியின் ஈ வளையத்துத் துகள்களில் முன்பே கரிமச் சேர்மங்களைக் கண்டிருந்தாலும், அவை கதிர்வீச்சில் வெகுகாலம் கிடந்தவை. அங்கேயே உருவாகியிருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. 2008இல் மோதியவையோ சற்றுமுன் கடலிலிருந்து கிளம்பியவை. அவற்றிலும் அதே வகைச் சேர்மங்கள் இருந்தன. எஸ்டர், ஈதர் போன்ற புதியவையும் சேர்ந்தே தென்பட்டன. இதில் எதுவும் உயிருக்குச் சான்றல்ல. கடலுக்குள் வேதியியல் நடக்கிறது என்பதற்கு வலுவான சான்று, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய செய்தி.

நிறமாலையைப் படிக்கும் இந்த அறிவு பூமியில் வந்தது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில், வெற்றிடத்துக்குள் முடியைவிட மெல்லிய நீர்த்தாரையை ஓடவிட்டு, அகச்சிவப்பு லேசரால் அடித்துச் சிதறடிக்கிறார்கள். நீரில் உப்பு, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் என ஒவ்வொன்றாகக் கலந்து, மோதல் வேகத்துக்கு ஈடாக லேசரின் வலிமையை மாற்றி, எந்த வேகத்தில் எது எப்படிச் சிதறும் என்று பட்டியலிடுகிறார்கள். சான் டியேகோவில் ராபர்ட் கான்டினெட்டியின் குழு உண்மையான பனித்துகளையே தகட்டில் மோதவிட்டு, நொடிக்கு 4.2 கிலோமீட்டர் வரை அமினோ அமிலங்கள் உடையாமல் தப்புவதை 2023இல் காட்டியது. தலைப்புச் செய்தியாகாத இந்த உழைப்புக்குத்தான் நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். அது இல்லையென்றால் காசினி அனுப்பியவை வெறும் கோடுகள்.

வியாழனின் நிலவான யூரோப்பாவை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம், 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அது உயிரைத் தேடப் போகவில்லை. உயிர் வாழத்தக்க சூழல் உண்டா என்று பார்க்கப் போகிறது. யூரோப்பாவை அது கடக்கும் வேகம் நொடிக்கு நான்கைந்து கிலோமீட்டர், அதாவது மூலக்கூறுகள் தாங்கக்கூடிய வேகம். காசினியின் கருவி நேர்மின் அயனிகளை மட்டுமே பதிவு செய்தது. கிளிப்பரில் உள்ள ‘சுடா’ என்ற தூசி ஆய்வுக் கருவி எதிர்மின் அயனிகளையும் பதிவு செய்யும். கொழுப்பு அமிலங்கள் தெளிவாகத் தெரிவது அங்கேதான். உயிர் அவற்றை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக் கட்டுவதால், 16, 18 என்ற இரட்டை எண் சங்கிலிகள் மிகுந்தும் 17 குறைந்தும் இருக்கும். உயிரற்ற வேதியியல் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. சங்கிலி நீள நீள அளவு சீராகக் குறையும். ஆகவே யூரோப்பாவின் பனித்துகள்களிலிருந்து வரும் எதிர்மின் நிறமாலையில் நான் முதலில் பார்க்கப்போவது, 17க்கு இருபுறமும் உள்ள முகடுகளின் உயரத்தை.