கதவு எப்போது திறந்தது?

பங்குனி பிறந்தால் விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பொங்கல். சித்திரை பிறந்தால் சிவகாசி பத்திரகாளியம்மனுக்குப் பொங்கல். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் உழைக்கும் பெண்கள் தீச்சட்டி ஏந்தி வருகிறார்கள். மருந்து அறைக்குப் போன புருஷன் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்பதே அவர்களில் பலரது வேண்டுதல். அதை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் இந்த வட்டாரத்துக் கோவில் கதவுகளின் கதையை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் சிவகாசி சிவன் கோவிலுக்குள் நாடார் மக்கள் நுழைய முடியாது. உள்ளே விடு என்று கேட்ட குற்றத்துக்கு 1899 ஜூன் 6-ல் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஒதுக்கப்பட்ட மக்கள் தங்கள் அம்மன் கோவிலைச் சுற்றி ஒன்றுகூடினார்கள். வியாபாரச் சரக்கின் மீது மகமை வசூலித்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்ததும் அந்தச் சத்திரிய வித்யாசாலையில்தான்.

ஆனால் கோவில் கதவு திறந்ததா? 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். "நாங்கள் சத்திரியர்கள்" என்று கோர்ட்டில் வாதாடினார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் 1908-ல் தீர்ப்பு பாதகமாகவே வந்தது. எங்கள் ஜாதி உயர்ந்த ஜாதி, எங்களை மட்டும் விடு என்று கேட்டபோது கதவு அசையவில்லை!

கதவு எப்போது திறந்தது? 1939 ஜூலை 8-ல், மதுரை மீனாட்சியம்மன் கோவிலில். வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்ற அந்தக் கூட்டத்தில் கக்கன் முதலான தாழ்த்தப்பட்ட தோழர்கள் இருந்தார்கள்; அவர்களோடு விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் இருந்தார். தனக்குக் கீழே என்று சொல்லப்பட்டவனோடு தோள் சேர்ந்து போனபோதுதான் வாசல் வழிவிட்டது. 1947-ல் சட்டமும் வந்தது.

இந்தப் பாடம் இன்று யாருக்கு வேண்டும்? நமக்குத்தான் வேண்டும். மகமையும் வியாபாரமும் தொழிலும் ஊரை வளர்த்தன, உண்மை. ஆனால் அந்தத் தொழிலில் மருந்து கலக்கும் கைகள் எந்த ஒரு ஜாதிக்கும் சொந்தமல்ல. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 38 பேர் மாண்டார்கள். தீ ஜாதி கேட்டு எரித்ததா? அனுமதித்த அளவுக்கு மேல் ஆளை அடைப்பதும், உள்குத்தகைக்கு விடுவதும், மரத்தடியில் வேலை வாங்குவதும் எந்த ஜாதிக்காரனின் உடம்பை விட்டுவைக்கும்?

அப்படியிருந்தும் ஜாதிக்கொரு சங்கம், தெருவுக்கொரு கொடி என்று நாம் பிரிந்து நிற்கிறோம். கூலியும் பாதுகாப்பும் கேட்கப் போகும்போது தனித்தனியாகப் போகிறோம். கமுதியில் நேர்ந்ததுதான் அங்கேயும் நேரும்.

தாய்மார்களே, தோழர்களே! அம்மனுக்குப் பொங்கல் வையுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பக்கத்து அறையில் மருந்து இடிப்பவன் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிடியரிசி கொடுத்த ஊர் இது. இன்று நம் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கொடுங்கள். புருஷன் வீடு திரும்ப வேண்டுமென்றால் தீச்சட்டி ஏந்தும் அந்தக் கைகள் ஒன்று சேர்ந்து ஆலைக் கதவையும் தட்ட வேண்டும். சேர்ந்து தட்டினால் அதுவும் திறக்கும்!